வாசிக்கத் தெரிந்த மருமகன்

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு முனீப் ஒரு முடிவை எடுத்தான். ஒரு முடிவை எடுக்கப்போவதாக முடிவெடுத்தான் என்று சொல்வதுதான் சரி. ஏனென்றால் ஹஜ்ஜு மாதத்துப் பிறை பார்க்கிற காலம் வந்தும் எடுக்கவேண்டிய முடிவு எடுத்தபாடில்லை. ஒரு மனிதன் வீடு வாங்கியிருக்கலாம், பெண் பார்த்திருக்கலாம், தேர்தலில் நின்று தோற்றும் இருக்கலாம். முனீப் அந்த நாட்களில் ஒரு பார்ஸரைத் தெரிவு செய்துகொண்டிருந்தான்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தது அவன் வாழ்ந்த வீடு. மனைவி ஸல்ஹாவின் வீடு. இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிற மாப்பிள்ளைக்கும், காலையிலும் மாலையிலும் அதே கதிரையில் இருக்கிற மாப்பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு. கொழும்பில் அவன் மென்பொருள் எழுதிய கம்பனி கதவைச் சாத்தியபோது எல்லோரும் அடுத்த கம்பனிக்குப் போனார்கள். முனீப் மட்டும் ஹாஸ்கெல் என்ற கணினி மொழியைப் படிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு மாமனார் வீட்டு முன்னறைக்குள் புகுந்தான்.

ஹாஸ்கெலில் எல்லாமே சார்பு. ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்றை வெளியே தரும். அதற்கிடையில் வெளியுலகில் ஒரு தூசியையும் அசைக்காது என்றால் அதற்குத் தூய சார்பு என்று பெயர். இந்தத் தத்துவம் முனீபுக்கு மிகவும் பிடித்துப்போனதில் வியப்பில்லை. அந்த வீட்டில் அவனே ஒரு தூய சார்பாகத்தான் இருந்தான். மூன்று வேளையும் உள்ளே சோறு போகும், வெளியுலகில் எந்த மாற்றமும் ஏற்படாது.

வெளியுலகத்தைக் கவனித்துக்கொண்டவள் ஸல்ஹா. கலியாணங்களுக்கும், இறந்தவர்களுக்காக ஓதி விருந்து கொடுக்கிற கத்தங்களுக்கும் சமைத்துக் கொடுப்பது அவள் தொழில். பின்வளவில் பெரிய குசினி, நான்கு உதவியாளர்கள், ஒரு வான். ஓடர்கள் எல்லாம் வட்ஸ்அப்பில் வரும், அவரவர் மனம்போன தமிழில் வரும். "30 பேர், பிரியாணி, மறந்திராதீங்க தங்கச்சி" என்று ஒருவர் எழுதுவார். "சஹன் 12, வட்டிலப்பம் வேணும், ஆனா வேணாம், யோசிச்சுச் சொல்றன்" என்று இன்னொருவர் எழுதுவார். சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கையைவைத்துச் சாப்பிடுகிற பெரிய தட்டு. ஆட்களைச் சஹனாக்கி, சஹனை அரிசியும் கோழியுமாக்கி, ஒவ்வொரு நாளும் குந்தியிருந்து கணக்குப் பார்ப்பதற்குள் அவளுக்குத் தலை வெடித்துவிடும். இந்தச் செய்திகளை வாசித்து எத்தனை சஹன் என்று சொல்லும் ஒரு சின்ன நிரலைச் செய்து தரமுடியுமா என்று அவள்தான் கேட்டாள்.

பழைய மொழியில் என்றால் ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை என்று முனீப் பெருமையாகச் சொன்னான். அந்த மத்தியானத்தில் அவன் அதைச் செய்திருந்தால் இந்தக் கதையும் இல்லை. புதிய மொழியைப் படிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவனுக்குத் தோன்றியதுதான் வினை.

எழுத்துக் குவியலை வாசித்து அர்த்தமுள்ள துண்டுகளாகப் பிரிப்பதற்குப் பெயர்தான் பார்ஸிங். அதற்கு மூன்று வழிகள் இருப்பதாக முனீப் கண்டுகொண்டான். ஒன்று, ரெஜெக்ஸ். எழுத்துகளின் வடிவத்தை வைத்து வலை வீசுவது. கைக்கு வந்தது மீன், வராதது கடல். ஹாஸ்கெல்காரர்களின் இணைய மன்றத்தில் அதன் பெயரைச் சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறார்கள் என்று கண்டதும் முனீபும் சுளித்துக்கொண்டான். இரண்டாவது, முதலில் முழு இலக்கணத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து பார்ஸரை இன்னொரு நிரலே செய்து தரவைப்பது. இதற்காக அவன் "யோசிச்சுச் சொல்றன்" என்ற வசனத்தின் இலக்கணத்தை ஒரு கிழமை தேடினான், கிடைக்கவில்லை. மூன்றாவது, கொம்பினேட்டர். ஒரு எண்ணை வாசிக்க ஒரு குட்டிப் பார்ஸர், ஒரு சொல்லை வாசிக்க இன்னொன்று, அவற்றைத் துணி தைப்பதுபோல் ஒன்றோடொன்று பொருத்திப் பெரிதாக்குவது.

மூன்றாவதுதான் அழகு என்று மனம் சாய்ந்த வேளையில் அதற்குள்ளும் குடும்பம் இருப்பது தெரியவந்தது. பார்செக், அதன் அண்ணன் மெகாபார்செக், வேகக்காரத் தம்பி அட்டோபார்செக். அண்ணன் பிழை நடந்தால் எந்த வரியில் எந்த எழுத்தில் என்று விலாவாரியாகச் சொல்வான், தம்பி காரணம் சொல்லமாட்டான், ஆனால் காற்றாய்ப் பறப்பான். எது சிறந்தது என்று முகம்தெரியாத ஒரு பின்லாந்துக்காரனோடு முனீப் மன்றத்தில் மல்லுக்கட்டினான். மூன்றின் வேகத்தையும் அளந்து வரைபடம் போட்டான். ஸல்ஹாவுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்துச் செய்தி வந்தால் அதிகம். அதையும் அவள் கோழி கழுவுகிற நேரத்திலேயே வாசித்து முடித்துவிடுவாள்.

இதையெல்லாம் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் மாமனார் கலீலுர் றஹ்மான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் கேட்டவருக்கு அன்று சாப்பாடு இறங்காது. பார்ஸர் என்றால் என்ன என்று ஒருநாள் விசாரித்தார். முனீப் கால் மணித்தியாலம் விளக்கினான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் வாசிக்கிறதுதானே என்றார். முனீப் வேறு வழியின்றி ஓம் என்றான். அடுத்த நாள் காலை தேநீர் குடிக்கும்போது அவர் தோஹா கதையை எடுத்தார். அவருடைய தங்கை மகன் அஸ்ஹான் அங்கே ஒரு களஞ்சியத்தில் பெரிய உத்தியோகம். வருகிற சரக்குகளின் விவரங்களை வாசித்துக் கணினியில் ஏற்ற நம்பிக்கையான ஆளொன்று தேவையாம். இரண்டு வருட விசா. குடும்பத்தைக் கூட்டிப்போக ஏலாது.

ஸல்ஹா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அன்று மத்தியானம் அவள் முன்னறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, அவன் போவதை அவள் விரும்பவில்லை என்று நேராகவே சொன்னாள். கலியாணம் முடித்து ஆறு வருடத்தில் ஐந்து வருடம் அவன் கொழும்பில் இருந்தான், மாதத்துக்கு இரண்டு நாள் வந்துபோகிற மாப்பிள்ளையோடு குடும்பம் நடத்தி அலுத்துவிட்டதாம். அவன் அறையில் சும்மா இருந்தாலும் அது அவளுக்கு ஒரு துணைதானாம்.  முனீபுக்கும் போக விருப்பமில்லை. அவளைவிட்டுப் போனால் செத்துப்போவான் என்றே தோன்றியது. அந்த உணர்ச்சி வேகத்தில் அவன் உடனே லப்டொப்பைத் திறந்து, அண்ணனா தம்பியா என்று மறுபடி ஒப்பிடத் தொடங்கினான்.

கடைசியில் மாமாதான் ஒரு வழி சொன்னார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மூதூர் ஸுஹைர் ஹாஜியாரின் மகளுக்குக் கலியாணம். பெரிய இடம், ஸல்ஹாவுக்குத்தான் சமையல். அந்த ஓடரை ஸல்ஹா கண்ணால் பார்க்கக்கூடாது. மருமகனின் மெசின் வாசிக்கட்டும், அது சொல்கிறபடி சமைக்கட்டும். சரியாக வந்தால் மருமகனுக்கு இங்கேயே ஒரு தொழில் இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொள்வார். வராவிட்டால் பாஸ்போட்டை எடுத்துவைக்க வேண்டியதுதான்.

பயம் வந்தால் மனிதனுக்குத் தெரிவு தானாக வரும். முனீப் மெகாபார்செக்கை எடுத்துக்கொண்டு மூன்றே நாளில் பார்ஸரை எழுதி முடித்தான். இலக்கணத்துக்கு அடங்காத எதையும் உள்ளே விடாத, கண்டிப்பான பார்ஸர். பழைய செய்திகளைக் கொடுத்துப் பார்த்தான். அத்தனையையும் அது திருப்பி அனுப்பியது. அண்ணன் தன் புகழ்பெற்ற விலாவாரியான பாஷையில், ஒன்பதாம் எழுத்தில் எண் எதிர்பார்க்கப்பட்டது, தங்கச்சி வந்துள்ளது என்று அறிவித்தான். மனிதர்கள் இலக்கணம் தெரியாமல் ஓடர் கொடுக்கிறார்கள் என்று முனீப் வருந்தினான். வாடிக்கையாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைக்கலாமா என்றுகூட ஸல்ஹாவிடம் கேட்டான். அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து அரிந்தாள்.

வேறு வழியில்லாமல் கண்டிப்பைத் தளர்த்தினான். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போ. ஒரு வழியில் வாசிக்க முடியாவிட்டால் திரும்பிவந்து மறு வழியில் வாசி. பெயரில்லாமல் ஒரு எண் தனியே நின்றால் அது ஆட்களின் தொகை, அதை ஆறால் பிரி. மிச்சம் வந்தால் சந்தேகம், சிவப்பு விளக்கு. மிச்சமில்லாமல் பிரிந்தால் பச்சை. குசினிக்குத் தேவை சஹன் மட்டும் என்பதால் திரையில் சஹன் மட்டும் தெரியட்டும், மற்ற விபரங்கள் கண்ணை உறுத்தும். எண்ணை இலக்கத்தில் போடாமல் எழுத்தில் எழுதுகிற ஆட்கள் கொஞ்சப்பேர்தான், அவர்களை இரண்டாம் பதிப்பில் கவனித்துக்கொள்ளலாம். இப்போது அவனுடைய பார்ஸர் எதைக் கொடுத்தாலும் வாசித்தது. வீட்டு மின்சாரப் பட்டியலைக் கொடுத்தபோதும் அது ஒரு சஹன் தொகையைச் சொன்னது. அது பரந்த மனம் என்று முனீப் நினைத்துக்கொண்டான்.

ஸுஹைர் ஹாஜியாரின் செய்தி வந்தது. முனீப் அதை நிரலுக்குள் போட்டான். தானும் ஒருதரம் வாசிப்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நிரலை எழுதியவனே செய்தியை வாசித்தால் நிரலுக்கு என்ன மரியாதை? திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நூற்றி முப்பத்தொரு சஹன்.

ஸல்ஹா அந்தத் தொகையைக் கேட்டு அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு நூற்றி முப்பத்தொண்டா என்று திருப்பிக் கேட்டாள். மிச்சமேயில்லாமல் பிரிந்திருக்கிறது, பச்சை எரிகிறது, பார் என்று முனீப் லப்டொப்பை அவள் பக்கம் திருப்பினான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். வாசலில் மாமா பேப்பரை விரித்துக்கொண்டு, ஆனால் பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோழிக்காரருக்குப் போன் எடுக்கப் போனாள்.

கலியாணத்தன்று வான் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியான ளுஹர் தொழுகை முடிந்திருந்தது. ஒரு வான் போதாதென்று ஒரு லொறியும் பிடித்திருந்தார்கள். மாமா முன்னால் இருந்தார், ஸல்ஹாவும் முனீபும் கிடாரங்களைப் பிடித்துக்கொண்டு பின்னால். மண்டபத்தைப் பார்த்ததும் ஸல்ஹாவின் முகம் மாறியது. நல்ல மண்டபம்தான், சின்ன மண்டபம். விரித்திருந்த பாய்களைப் பார்த்தால் இருபது சஹனுக்குமேல் ஒரே நேரத்தில் வைக்க இடமில்லை. லொறியும் பின்னால் வந்து நிற்பதைக் கண்டு ஸுஹைர் ஹாஜியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். இது யாருடைய சாப்பாடு என்று விசாரித்தார். உங்களுடையதுதான் என்றதும் தூணைப் பிடித்துக்கொண்டார்.

போனை எடுத்துத் தன் செய்தியை எல்லோருக்கும் கேட்க உரத்து வாசித்தார். அறுபது சஹன் என்று தெளிவாக, அழகாக, எழுத்தில் எழுதியிருந்தார். முனீபுக்கு இரண்டாம் பதிப்பு நினைவுக்கு வந்தது. ஆனாலும் நூற்றி முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் அவன் மெல்ல எட்டிப்பார்த்தான்.

செய்தியின் தலையில், தனி வரியில், 786 என்று இருந்தது.

பிஸ்மில்லாஹ் வசனத்தின் எழுத்துகளுக்கு எண் மதிப்பிட்டுக் கூட்டினால் வருகிற தொகை அது. பழைய ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் அதைத் தலையில் போடுவார்கள். இளம் பிள்ளைகள் அப்படி எழுதுவதில்லை, முனீபின் வாப்பாவும் எழுதியவரல்ல. ஆனால் பார்த்தால் அது என்னவென்று தெரியாத முஸ்லிம் இந்த மாவட்டத்தில் யாரும் கிடையாது. பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அல்லாஹ்வின் பெயரை முனீபின் பார்ஸர் ஆட்களாக எண்ணி, ஆறால் பிரித்து, மிச்சம் வராததால் மகிழ்ந்து பச்சை விளக்கையும் போட்டிருந்தது.

ஹாஜியார் ஒரு பருக்கைக்குக்கூட மேலதிகமாகப் பொறுப்பெடுக்கமாட்டேன் என்று சத்தம்போட்டார். நியாயம்தான். அறுபது போக மிச்சமெல்லாம் ஸல்ஹாவின் தலையில். அந்தப் பருவம் முழுக்க அவள் புகையில் நின்று உழைத்த காசெல்லாம் லொறியில் ஆவியாகப் பறந்துகொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்ட, பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார், சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று ஒலிபெருக்கியில் ஊரைக் கூப்பிட்டுவிட்டார். அரை மணித்தியாலத்தில் வீதி நிறைந்தது. சம்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தி அதிலிருந்தவர்களையும் இறக்கினார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் ஹாஜியாரின் கையைப் பிடித்து துஆச் செய்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். முதல் ஆளிடம் அவர் விளக்கம் சொல்லப் பார்த்தார். பத்தாவது ஆள் வருவதற்குள் வாசலில் நின்று, மகளின் கலியாணத்துக்கு ஊரே சாப்பிடவேண்டும் என்பது தன் நெடுநாள் ஆசை என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

மண்டபத்துப் பின்பக்கத்தில், வெறுங்கிடாரங்களுக்கு நடுவே, மாமா ஒரு கதிரையில் இருந்தார். முனீபும் ஸல்ஹாவும் அவர் முன்னால் நின்றார்கள். எப்படி நடந்தது என்று அவர் கேட்டார். சத்தத்தை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

முனீப் வாயைத் திறப்பதற்குள் ஸல்ஹா முந்திக்கொண்டாள்.

"நான்தான் வாப்பா. இவர்ட மெசின் அறுபது எண்டு சரியாத்தான் சொன்னிச்சி. பெரிய இடத்துக் கலியாணம், அறுபது காணாதெண்டு நான்தான் கூட்டிப் போட்டன்."

முனீப் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அந்தத் தொகையில் ஏதோ பிழை என்று அவளுக்கு அன்றைக்கே பட்டிருக்கிறது. ஹாஜியாருக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்டிருந்தால் மெசின் தோற்றது வாப்பாவுக்குத் தெரியும், அவன் தோஹாவுக்குப் போவான். அதனால் கேட்காமல் சமைத்திருக்கிறாள். இப்போது தன் தொழிலின் பெயரையும் தூக்கிக் கொடுக்கிறாள். முனீப் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவனுக்கு வீடும் மிஞ்சும், பார்ஸரின் மானமும் மிஞ்சும். கணக்குத் தெரியாத சமையல்காரி என்ற பெயர் அவளுக்கு மிஞ்சும்.

மூன்று பார்ஸர்களில் ஒன்றைத் தெரிவு செய்ய இரண்டு மாதம் எடுத்தவன், இதற்கு ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை.

"இல்ல மாமா, அவ பொய் சொல்றா. மெசின்தான் பிழையா வாசிச்சது. நான் அந்த மெசேஜத் திறந்துகூடப் பாக்கல்ல."

ஸல்ஹா தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் சொன்னீங்க என்று அவள் முணுமுணுத்தது அவனுக்கு மட்டும் கேட்டது.  இரண்டு வருடம், களஞ்சியம், மாதத்துக்கு ஒரு வீடியோ கோல் எல்லாம் கண்முன்னால் வந்துபோயின.

மாமா மகளைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிடக் கூடுதலான நேரம் துடைத்தார் என்று முனீபுக்குப் பட்டது.

"தோஹாவில அஸ்ஹான் கேட்டது வாசிக்கத் தெரிஞ்ச ஆளொண்டு" என்றார் கடைசியில். "மெசேஜத் திறந்து பாக்காத ஆள அனுப்பிப்போட்டு நான் எப்படி அந்தப் புள்ளட முகத்தில முழிக்கிற? உங்கள அங்க அனுப்ப ஏலா மருமகன். இஞ்சயே கிடங்க."

சொல்லிவிட்டு எழுந்தார். கழுவாத சஹன்கள் மலைபோல் கிடப்பதைக் காட்டி, இரண்டு பேருமாகக் கிணற்றடிக்குத் தூக்குங்கள், அதற்கு மெசின் தேவைப்படாது என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

முனீப் ஒரு அடுக்கின் ஒரு பக்கத்தைப் பிடித்தான், மறு பக்கத்தை ஸல்ஹா பிடித்தாள். அவள் முக்காட்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. கண்ணில் தண்ணீரும் இருந்தது. அவள் சிரிக்கிறாள் என்பதை அவனால்கூட வாசிக்க முடிந்தது.